கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு எழுதிய முழு விலாசம்

உனக்கு எதற்கு இந்தக் கதை? அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் மாதிரி கதை வாசலில் நின்றுகொண்டு, "உங்க பேத்தி அந்தக் கடுதாசியில இன்னாதான் எழுதுச்சு, சொல்லேன் ஆயா" என்று கேட்கிறாயே, கூச்சமாக இல்லையா? அடுத்த வீட்டுக் கடிதத்தைப் படிக்க அவ்வளவு ஆசை இருந்தால் அன்றைக்கே பஜாருக்கு வந்திருக்க வேண்டும். கயிற்றில் தொங்கியது. யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். நீ வராதது உன் தப்பு.

சரி, வந்துவிட்டாய். உட்கார். சொல்கிறேன். ஆனால் ஒரு பேரும் வராது. என் பேர், பேத்தி பேர், தெருவின் பேர், கடையின் பேர், எதுவும் வராது. எங்கள் நாயின் பேரைக்கூடச் சொல்லமாட்டேன். ஊர் செஞ்சி என்று மட்டும் வைத்துக்கொள். அதைச் சொல்வதில் பயமில்லை. மலை மேல் கோட்டை, கீழே தெருவுக்கு நாலு ஆயா. தேடிப் பிடி பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் நாலு பேர். கண்ணால் பார்க்க முடிவது மூன்று பேர்தான். மகன் குவைத்தில் லாரி ஓட்டுகிறான், அவன் குடியிருப்பது செல்போனுக்குள். மருமகள் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். காலை பஸ்ஸில் போனால் திரும்பி வர எட்டு மணி ஆகும். பேத்தி நாலாம் வகுப்பு. நான் இரண்டாம் வகுப்பு. படித்து முடித்ததைச் சொல்கிறேன், அதுவும் பாதி நாள் வாத்தியார் வீட்டு மாட்டைத் தேடிப் பிடிக்கப் போனதில் கழிந்தது. இன்றைக்கும் பஸ் போர்டில் முதல் எழுத்தை மட்டும்தான் பார்ப்பேன். 'செ' இருந்தால் ஏறிவிடுவேன். ஒருமுறை விழுப்புரத்தில் அப்படி ஏறி, அது சென்னை வண்டி என்று திண்டிவனத்தில் இறக்கிவிட்டார்கள். அதனால் என்ன, திண்டிவனத்தையும் பார்த்துவிட்டு வந்தேன்.

எங்கள் தெரு முனையில் மாதா கெபி இருக்கிறது. கெபி என்றால் கல்லை அடுக்கிக் குகை மாதிரி கட்டி உள்ளே மாதா சுரூபத்தை வைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு மன்றாட்டுப் பெட்டி. வேண்டுதலைச் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சீட்டில் சும்மா "காய்ச்சல் தீர வேண்டும்" என்று எழுதமாட்டார்கள். பேர், தகப்பன் பேர், கதவு எண், தெரு, வட்டம், மாவட்டம் எல்லாம் வரிசையாக எழுதி, கடைசியில்தான் காய்ச்சலுக்கு வருவார்கள். தாலுக்கா ஆபீசுக்கு மனு எழுதி எழுதிப் பழகிய கை. மனுதாரர் விலாசம் இல்லாத மனுவை யார் தொடுவார்கள்? மாதா மட்டும் தொட்டுவிடுவாளா?

எனக்கு எழுத வராது என்பதால் நான் சொல்லச் சொல்ல பேத்திதான் சீட்டு எழுதுவாள். எழுதும்போது அவளுக்கு நான் ஒரு கதை சொல்லி வைத்திருந்தேன்.

"உங்கம்மாவுக்குக் கொழந்த வேணும்னு மாதாகிட்ட மொதமொதல்ல சீட்டு போட்டேன்டீ. அவசரத்துல கதவு நம்பர வுட்டுட்டாங்க. இன்னா ஆச்சு தெரியுமா? எதிர் வூட்டுக்காரிக்கு ரெட்டப் புள்ள பொறந்துச்சு. அதுல ஒண்ணு நம்முது."

"எது ஆயா நம்முது?"

"நல்லாப் படிக்குதே, அது."

அவள் நம்பினாள். அதற்குப் பிறகு எந்தச் சீட்டு எழுதினாலும் கதவு எண்ணை இரண்டு தரம் எழுதுவாள். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு டிசம்பர் மாதத்தில் பதில் வந்தது.

பஜாரில் ஒரு பேன்சி கடை. வளையல், பொம்மை, ஜாமெட்ரி பாக்ஸ், பிளாஸ்டிக் ஸ்டார் எல்லாம் விற்பார்கள். கிறிஸ்மஸுக்கு வியாபாரம் கூட வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் வாசலில் ஒரு சிவப்புப் பெட்டியை வைத்தார். பிள்ளைகள் கிறிஸ்மஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதிப் போட வேண்டும், நன்றாக எழுதின மூன்று பேருக்குக் கேட்டது கிடைக்கும். அதற்குத் தாளும் அவர்களே கொடுத்தார்கள். மேலே பேர், வகுப்பு, பள்ளிக்கூடம், அம்மா போன் நம்பர், வீட்டு விலாசம் என்று கோடு போட்டிருக்கும். கீழே எழுத இடம். போதாவிட்டால் பின்பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேத்தி பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள். அவளுக்கு வேண்டியது, நடந்தால் குதிகாலில் லைட் எரிகிற ஷூ.

"ஆயா, தாத்தாவுக்கு நம்ம வூடு தெரியுமா?"

"எப்டிடீ தெரியும்? அவரு பனி பேயற ஊர்ல இருந்து வராரு. விவரமா எழுது. நீலக் கேட்டுன்னு போடு."

"நாயப் பாத்துப் பயந்துட்டாருன்னா?"

"பல்லு இல்லாத நாய்னு எழுது. கொலைக்கும், கடிக்காது."

அவள் எழுதினாள். பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தாள்.

"நீ முழிச்சுக்கினு திருடன் திருடன்னு கத்துனா?"

"நானா? மாத்திர போட்டுப் படுத்தன்னா என்னத் தூக்கிக்கினு போய் மலமேல வச்சாக்கூடத் தெரியாது. கொறட்டதான் கேக்கும்."

அதையும் எழுதினாள். எனக்கு ஒரே குஷி. கீரையை அலசக் குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது தாளின் பின்பக்கமும் நிரம்பியிருந்தது, முன்பக்க ஓரத்தில் வாயைத் திறந்துகொண்டு ஒரு நாய்ப் படம். வாய்க்குள் ஒரு பல்கூட இல்லை. "அம்சமா இருக்குது" என்றேன். படிக்கத் தெரிந்தவள் மாதிரி தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். அன்று சாயங்காலமே அம்மாவோடு போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். மருமகளும் அதைப் படிக்கவில்லை. "தாத்தாவுக்கு எழுதுனத நீ படிக்கக் கூடாது" என்று சொல்லி மடித்துக் கையிலேயே வைத்திருந்தாளாம்.

செவ்வாய்க்கிழமை காலை. பேத்தி அரையாண்டுப் பரீட்சைக்குப் போய்விட்டாள். நான் தெரு முனையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். அந்த ஆட்டோக்காரப் பையனுக்கு எங்கள் வீட்டு நீலக் கேட்டு தெரியும், மழை பெய்தால் அதன் வாசல் வரைக்கும் வந்து இறக்கிவிடுவான். என்னைப் பார்த்ததும் இளித்தான்.

"இன்னா ஆயா, ராத்திரில பயங்கரமா கொறட்ட வுடறியாமே?"

"உன் பொண்டாட்டி சொன்னாளா?" என்றேன்.

"அட, பஜார்ல தொங்குது ஆயா! உன் பேத்தி எழுதுனதுதான். கடக்காரரு எல்லாத்தயும் கிளிப்பு போட்டு மாட்டிக்கிறாரு. நேத்து ஸ்டேட்டஸ்ல கூடப் போட்டாரு. நாய்க்குப் பல்லு இல்லன்னு படிச்சு எங்க ஸ்டாண்டே சிரிச்சுது."

நானும் சிரித்தேன். என் பேத்தி எழுதினதைப் படித்து ஒரு ஆட்டோ ஸ்டாண்டே சிரித்தது என்றால் பெருமை இல்லையா? காய் வாங்கப் போகிற இடத்தில் இறங்காமல் நேராகப் பேன்சி கடைக்குப் போய் இறங்கினேன். நம் வீட்டுப் புகழை நாமே பார்க்காமல் இருந்தால் எப்படி?

கடை வாசலில் இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை சணல் கயிறு. அதில் துணி காயப் போட்ட மாதிரி கடிதங்கள். முப்பது நாற்பது இருக்கும். நாய்ப் படத்தைப் பார்த்து என்னுடையதைக் கண்டுபிடித்துவிட்டேன். அதன் முன்னால் ஒரு காலேஜ் பெண் நின்றிருந்தாள். பின்னால் வெற்றிலை போட்ட ஒரு ஆள், தோளில் பை.

"கண்ணு, எனக்குக் கண்ணு தெரியல, இத்தப் படியேன்" என்றேன். படிப்பு இல்லை என்று சொல்வதை விடக் கண் இல்லை என்று சொல்வது மரியாதை.

அவள் உரக்கப் படித்தாள். பேர், பள்ளிக்கூடம், கதவு எண் இரண்டு தரம். பிறகு கடிதம்.

"'அன்புள்ள கிறிஸ்மஸ் தாத்தா, எங்கள் வீடு நீலக் கேட்டு. நாய் குலைக்கும், பயப்படாதீங்க, அதுக்குப் பல் இல்லை. ஆயா மாத்திரை போட்டுத் தூங்கிடும், குறட்டை விடும், எழுந்திருக்காது.'"

மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். என்னுடையது என்று அவர்களுக்குத் தெரியாதே!

காலேஜ் பெண் தாளைத் திருப்பினாள்.

"'என் நைனா குவைத்தில் இருக்கிறார். அம்மா எட்டு மணி பஸ்ஸில்தான் வரும். ராத்திரி வர முடியாவிட்டால் புதன்கிழமை சாயங்காலம் வாங்க. ஆயா கெபிக்குப் போயிடும். நான் தனியாத்தான் இருப்பேன். நான் தூங்கிட்டாக்கூட சாவி ஆட்டுக்கல் குழியில் கொட்டாங்குச்சிக்கு அடியில் இருக்கும், நீங்களே திறந்து வாங்க.'"

"ஆட்டுக்கல்லுலயா? நல்ல எடம்" என்றார் வெற்றிலை ஆள். சும்மா சொன்னதாகத்தான் இருக்கும். நல்ல மனிதராகவே இருக்கலாம். வீட்டில் அவருக்கும் பேத்தி இருக்கலாம். ஆனால் நான் விரலை மடக்கி நாளை எண்ணினேன். நாளைக்குப் புதன்கிழமை.

நான் சிரித்த சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. நாயின் பல் நான் சொன்னது. குறட்டை நான் சொன்னது. முழு விலாசம் எழுது என்று பழக்கியதே நான்தான். சாவியையும் புதன்கிழமையையும் மட்டும் அவளே சேர்த்திருந்தாள். நாம் வழி காட்டிவிட்டால் பிள்ளைகள் மீதித் தூரத்தை ஓடியே போய்விடும்.

கடைக்காரரிடம் போனேன். நாற்பது வயது இருக்கும், நல்ல வாய்.

"தம்பி, அதுல ஒரு கடுதாசியக் கழட்டிக் குடு."

"எதுக்கு ஆயா? ஞாயித்துக்கெழம வரிக்கும் தொங்கட்டும். ஜனம் நின்னு படிக்குது பாரு."

"என் வூட்டுப் புள்ள எழுதுனது."

"எது சொல்லு, கழட்டித் தரேன். எந்த வூடு, பேரு இன்னா?"

வெற்றிலை ஆள் இன்னும் கயிற்றின் அருகில்தான் நின்றிருந்தார். இன்னும் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். 'அதோ, அந்த நாய் போட்டது' என்று நான் கை நீட்டினால், அந்த வீட்டு ஆயா இவள்தான், இப்போது வீட்டில் யாரும் இல்லை என்று நானே தண்டோரா போட்ட மாதிரி ஆகும். வாங்க வந்த கடிதத்தை என்னுடையது என்று சொல்ல முடியாமல் நின்றது செஞ்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அதனால் காலேஜ் பெண்ணிடம் திரும்பினேன். "கண்ணு, அடுத்தத படி."

அவள் படித்தாள். ஒரு பிள்ளை அம்மாவின் போன் நம்பரோடு அப்பாவின் நம்பரையும் சேர்த்து எழுதியிருந்தது. இன்னொரு பிள்ளை, பள்ளி வேன் எந்த மூலையில் எத்தனை மணிக்கு நிற்கும், தன் பையின் நிறம் என்ன என்பதை எழுதியிருந்தது. தாத்தா அடையாளம் கண்டுபிடிக்க வேண்டுமாம். ஐந்தாவது கடிதம் குட்டியாக இருந்தது. அதைப் படிக்க ஆரம்பித்தவளுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"'எங்களுக்கு ஒரு தாழ்ப்பாள் வேண்டும் தாத்தா. அப்பா குடிச்சுட்டு வர்றப்போ நானும் அம்மாவும் பக்கத்து வீட்டில்…'"

"போதும் கண்ணு" என்றேன்.

சிரிக்க நின்றவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தின் மேலும் பேர் இருந்தது, தெரு இருந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளையின் வகுப்பிலிருந்து யாராவது ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க இந்தக் கடைக்கு வரும். வந்தால் அண்ணாந்து பார்க்காமலா போகும்?

என் கடிதத்தை மட்டும் உருவிக்கொண்டு ஓடலாம் என்று நினைத்தவள் நான். மறைக்கமாட்டேன், அதற்குத்தான் கடைக்காரரிடம் போனேன். ஆனால் அந்தத் தாழ்ப்பாள் கடிதத்தைக் கயிற்றில் விட்டுவிட்டு எப்படிப் போவது? என்னால் அழவோ சண்டை போடவோ முடியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், கிண்டல். அதையே எடுத்தேன்.

"ஏன் தம்பி, கயித்துல அந்தாண்ட எடம் காலியா இருக்குது பாரு. நீயும் ஒண்ணு எழுதி மாட்டேன்."

"நான் இன்னா கொழந்தயா ஆயா?" என்று சிரித்தார்.

"தாத்தாவுக்கு முன்னாடி எல்லாரும் கொழந்ததான். எழுது, நான் சொல்றேன். பேரு, தகப்பன் பேரு, வூடு எந்தத் தெரு. ராத்திரி எத்தினி மணிக்குக் கடயச் சாத்துவ, அதுவரைக்கும் வூட்ல யாரு இருப்பாங்க. பீரோ சாவி எந்தப் பானைக்குள்ள. உனக்குப் பொண்ணு இருக்குதா?"

"ஏழாவது படிக்கிறா."

"ரொம்ப நல்லது. அது டியூஷன் வுட்டு எந்தச் சந்து வழியா வரும், கூட யாராச்சும் வருமா, தனியாவா. அத்தக் கொட்ட எழுத்துல எழுது. பொண்ணு போட்டோவும் ஒட்டு. கிளிப்பு நான் வாங்கித் தரேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் உள்ளே கல்லாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிரிக்கவில்லை. வளையல் அடுக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"இன்னாங்க, கழட்டுங்க எல்லாத்தயும்."

"ஏய், வியாபாரம்டீ. ஞாயித்துக்கெழம வரிக்கும்…"

"நம்ம பொண்ணுதான் இத மாட்டுனா. ஒவ்வொண்ணாப் படிச்சுப் படிச்சு மாட்டுனா. அந்தத் தாப்பாள் லெட்டர மாட்டும்போது அவ மூஞ்சப் பாத்தீங்களா? நான் பாத்தேன். பாத்தும் வாய மூடிக்கினு இருந்தேன்."

சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள். பிறகு கயிற்றின் இன்னொரு முனையிலிருந்து அவரும் கழற்ற ஆரம்பித்தார். "யாருக்கும் கெடுதல் நெனைக்கல ஆயா" என்றார்.

"தெரியும் தம்பி. நெனச்சுக் கெடுக்கறவன் கம்மி. நெனைக்காம கெடுக்கறவங்கதான் ஊர்ல ஜாஸ்தி. உன் முன்னாடியே ஒருத்தி நிக்கறா."

அவருக்குப் புரியவில்லை. புரியாமல் இருப்பதே எனக்கு வசதி.

கடிதங்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயின. போனில் போட்டிருந்ததை எடுக்கச் சொன்னேன், என் கண் முன்னாலேயே அழித்தார். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டதற்கு வாயால் சொல்லாமல் போனை என் பக்கம் திருப்பினார். எண் எனக்கு வாசிக்கத் தெரியும். நீளமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்து, வெற்றிலை ஆளும் போன பிறகு அந்த அம்மாள் என் பக்கம் குனிந்தாள். "எது ஆயா உங்களுது?"

"பல்லு இல்லாதது" என்றேன் காதோடு.

ஒரு பாக்கெட் ஊக்கு எடுத்து, கடிதத்தை மடித்து அதனோடு கவரில் போட்டுக் கொடுத்தாள். பார்க்கிறவர்களுக்கு நான் ஊக்கு வாங்கிய கிழவி. போட்டியை என்ன செய்வது என்று அவளே யோசித்துவைத்திருந்தாள். கோயில் வாசலில் செருப்பு விட்டால் டோக்கன் கொடுப்பார்களே, அந்த மாதிரி இரட்டை டோக்கன். ஒன்று கடிதத்தில், ஒன்று பிள்ளையின் கையில். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், நம்பர் வந்தால் வந்து வாங்கிக்கொள்ள வேண்டியது. ஏற்கெனவே எழுதின பிள்ளைகள் எல்லாம் வந்து பழைய தாளை வாங்கிக்கொண்டு புதிதாக எழுதலாம் என்று வாசலில் அட்டை எழுதி மாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆட்டுக்கல்லிலிருந்து சாவியை எடுத்து இடுப்பில் செருகினேன். எங்கே மாற்றி வைத்தேன் என்று கேட்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

பேத்தி பரீட்சை முடிந்து வந்தாள். கடிதத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் ஆயா கொண்டாந்துட்ட? தாத்தா படிச்சாரா?"

"தாத்தாவத் தவிர மீதி எல்லாரும் படிச்சுட்டாங்க" என்றேன். நடந்ததைச் சொன்னேன். பயமுறுத்தாமல், அதே சமயம் மறைக்காமலும். முன்பின் தெரியாத ஒரு ஆள் நம் ஆட்டுக்கல்லைப் பற்றிப் பேசினார் என்றேன். அவள் கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதான முழு விலாசம் எழுதணும்னு சொன்ன? நீதான நாய்க்குப் பல்லு இல்லன்னு எழுதச் சொன்ன?"

"சொன்னேன்."

"அப்போ எதிர் வூட்டு ரெட்டப் புள்ளைல ஒண்ணு நம்முது இல்லயா?"

"இல்ல. ரெண்டுமே அவங்களுதுதான்."

"பொய் சொன்னியா?"

"தமாசு பண்ணேன்டீ."

"மூணு வருசமாவா?" என்று கேட்டாள். கோட்டை மலையில் ஏறியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வியர்த்திருக்காது. அவளே வேறு தாள் எடுத்தாள். விலாசம் எழுதாமல் ஷூ மட்டும் எப்படிக் கேட்பது என்று யோசித்தாள். பிறகு தாளைத் தரையில் போட்டு, அதன் மேல் காலை வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். அளவு தெரிந்தால் போதுமே. பேர் இல்லை, வகுப்பு இல்லை. ஒரு குட்டிப் பாதமும் குதிகாலில் சுற்றிலும் கதிர் போட்ட ஒரு லைட்டும். என்னால் முழுவதும் படிக்க முடிந்த முதல் கடிதம் அதுதான்.

எட்டு மணி பஸ்ஸில் வந்த மருமகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேத்தி சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில் நானே முந்திக்கொண்டேன். அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அத்த, கொறட்ட, நாயி, கதவு நம்பரு. எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததா?"

"சாவி மட்டும் நான் சொல்லலம்மா."

"அதுக்கு உங்களுக்கு ஒரு மால போடணும்" என்றாள். மறுநாள் வரும்போது புதுப் பூட்டு வாங்கிவந்தாள், சாவி மூன்று. ஒன்று பேத்தியின் கழுத்துக் கயிற்றில் சட்டைக்குள். புதன்கிழமை கெபிக்கு நான் தனியாகப் போகவில்லை. பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். சீட்டில் பேர் போடாமல் வேண்டிக்கொண்டோம். மாதாவுக்கு எங்கள் வீடு தெரியாதா என்ன, நாற்பது வருடமாக அவள் முன்னால்தானே குழாய்ச் சண்டை போடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை பரிசு சொன்னார்கள். எங்கள் டோக்கன் வரவில்லை. ஆட்டுக்குட்டி கேட்டு எழுதின பிள்ளைக்குப் பஞ்சு ஆடு கிடைத்தது. அந்தத் தாழ்ப்பாள் பிள்ளையின் வீட்டுக்குப் பரிசு என்று சொல்லாமல், கடைக்கார அம்மாளே ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள் என்று கேள்விப்பட்டேன். எந்த வீடு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மருமகள் விழுப்புரத்தில் லைட் எரிகிற ஷூ வாங்கிவந்துவிட்டாள். பூசைக்குப் போகும்போது பேத்தி முன்னால் நடக்க, தெருவெல்லாம் சிவப்பும் நீலமுமாக மினுக்கியது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஆனால் ஒன்று மீதி இருந்தது. கயிற்றிலிருந்து தாளைக் கழற்றலாம். படித்தவர்கள் மண்டைக்குள் இருப்பதை எப்படிக் கழற்றுவது? குவைத்தில் இருக்கிற மகன், எட்டு மணி மருமகள், மாத்திரை போட்ட கிழவி. அது பஜார் முழுக்க நடந்துகொண்டேதான் இருக்கும். போனதைத் திரும்ப வாங்க முடியாது. மேலே வேறொன்றைப் போட்டு மூடலாம்.

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது பஸ் ஓட்டினார். அவருடைய காக்கிச் சட்டையும் பேண்ட்டும் டிரங்குப் பெட்டியில் கிடந்தன. எடுத்துத் துவைத்து, கஞ்சி போட்டு, தெருவைப் பார்த்த கொடியில் காயப் போட்டேன். தெருவில் யாருக்கு வாய் நிற்காதோ, அவள் வருகிற நேரம் பார்த்துத்தான் போட்டேன். எதிர் வீட்டுக்காரிதான் அது, இரட்டைப் பிள்ளைக்காரி.

"யாரு வந்துக்கிறது ஆயா?"

"என் நாத்தனார் மவன்மா. போலீசுல இருக்கறான். செஞ்சிக்கு மாத்திட்டாங்க. இனிமே இங்கதான். ராத்திரியெல்லாம் டூட்டி, பகல்ல தூங்குவான், சத்தம் போடாத. யாருகிட்டயும் சொல்லிடாதம்மா."

பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆட்டோக்காரப் பையன் இப்போதெல்லாம் குறட்டையைப் பற்றிப் பேசுவதில்லை, வாசலில் இறக்கிவிடும்போது ஹாரன்கூட அடிப்பதில்லை. காய்கறிக்காரி, ஆறு அடி உயரமாமே என்றாள். ஆறரை என்று திருத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி, ஆளைக் கண்ணால் பார்க்கவே இல்லையே என்று சந்தேகப்பட்டாள். "பாக்கற மாரி இருந்தா அது இன்னா போலீசு?" என்றேன்.

நேற்று எதிர் வீட்டுக்காரி போலீஸ்காரருக்கென்று ஒரு கிண்ணம் மீன் குழம்பு கொடுத்தாள். பேத்தியும் நானும் உட்கார்ந்து வழித்துச் சாப்பிட்டோம். சாயங்காலம் கழுவின கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, குழம்பு பிடித்ததா என்று ஆசையோடு கேட்டாள்.

"ரொம்பப் புடிச்சுதாம்" என்றேன். "உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மியாப் போடச் சொன்னான்."